பதினேழாம் பொருளுக்கு ஒரு மேற்கோள்

மொழி அபிமானிகளும், அறிஞர் பெருமக்களும், அவர்களுக்குப் பயந்து நடக்கும் ஏனைய பொதுமக்களும் எழுந்து நின்று கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி என்னவென்றால்: ‘வித்’ என்னும் ஆங்கில முன்னிடைச்சொல்லுக்கு முப்பத்தொரு பொருள் உண்டு என்பது ஐயம் திரிபற நிறுவப்பட்டுவிட்டது. இருபத்தொன்பதுதான் என்று இதுவரை சொல்லித் திரிந்தவர்கள் இனி வாயை மூடிக்கொள்ளலாம்.

இந்த அறிவிப்பு அகராதி நிலையத்தின் குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே, ‘இங்கே வாய் கொப்பளிக்காதீர்’ என்ற பலகைக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. கீழே இயக்குநரின் கையெழுத்து, ஒரு முழம் நீளத்துக்கு. முப்பத்தொரு பொருளையும் தேடிப் பிடித்த மனிதர் அந்தக் குழாயில்தான் தினமும் மதியம் தம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவினார். அறிவிப்பில் அவர் பெயர் இல்லை. அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் இல்லை. அறிவிப்பில் ‘நிறுவப்பட்டுவிட்டது’ என்று இருக்கிறதல்லவா, அந்த ‘பட்டு’தான் தாம் என்று அவர் அடக்கமாக நினைத்துக்கொண்டார்.

பதினோரு வருஷமாக அந்த ஒரு சொல்லைப் பார்க்கிறவர் என்பதால் நிலையத்தில் அவரை வித்துவான் என்று அழைத்தார்கள். பக்கத்து மேசைக்காரர் ‘ஃபார்’ பார்த்தார். அவருக்கு இப்படி அழகான பட்டம் எதுவும் அமையவில்லை, வெறும் ஃபார்காரராகவே இருந்துவிட்டார். ‘ஆஃப்’ பார்த்தவர் ஓய்வு பெற்று, போயும் சேர்ந்துவிட்டார். ‘ஆஃப்’ இன்னும் முடியவில்லை.

ஒரு துக்கடாச் சொல்லுக்குப் பதினோரு வருஷமா என்று கேட்கிறவர்களுக்கு வித்துவான் வைத்திருந்த பதில் இது: நாம் சொல்லுக்குப் பின்னால் வாலாக ஒட்டுவதை ஆங்கிலத்துக்காரர் முன்னால் கொம்பாக வைக்கிறார். நமக்குக் கத்தியால் வெட்டுவது வேறு, கத்தியோடு வருவது வேறு, கத்திக்காரன் மேல் கோபப்படுவது வேறு, அந்தக் கோபத்தில் நடுங்குவது வேறு. நாலு வேலைக்கு நாலு வால். அவருக்கு நாலுக்கும் ஒரே கொம்பு. அந்தக் கொம்பைப் பிடித்து, ‘இந்த இடத்தில் நீ எந்த வால்?’ என்று விசாரிப்பதுதான் உத்தியோகம்.

சொல்லின் பிறப்புக் கதை இன்னும் விசேஷம். ஆதியில் ‘வித்’ என்றால் ‘கூட’ இல்லை, ‘எதிரே’. ஒருவனுக்கு எதிரே நிற்பது, எதிர்த்து நிற்பது. ‘கூட’ என்பதற்கு அவர்களிடம் ‘மிட்’ என்று வேறொரு சாதுவான சொல் இருந்தது. காலப்போக்கில் எதிரி வந்து சாதுவைத் துரத்திவிட்டு அதன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. ‘மிட்’ இப்போது மருத்துவச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தலையில் ஒண்டிக்கொண்டு உயிர்பிழைத்திருக்கிறது. இது உலகத்துக்கு நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம்தான். வித்துவானுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை தெரியவந்தபோது, தாமே கண்டுபிடித்தது போல வீட்டுக்கு ஓடினார்.

“தெரியுமா, ஒரு காலத்துல இந்த சொல்லுக்கு ‘எதிரா’ன்னு அர்த்தமாம்! கூடவே இருக்கறதுன்னு பின்னாலதான் மாறியிருக்கு!”

அவர் மனைவி வாயில் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள். தையல் கடையில் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறவள். மிச்ச வேலையை வீட்டுக்கும் கொண்டுவருவாள். நூலைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: “நம்ம வீட்டுல இன்னும் பழைய அர்த்தம்தான் ஓடுது. அந்த சட்டைய மிதிக்காம நகருங்க.”

இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியம். பிள்ளை இல்லை. சண்டையும் பெரிதாக இல்லை. அவளுக்கு ஆங்கிலத்தில் சட்டை அளவுக்கான எழுத்துகள் மட்டும் தெரியும். மற்றதெல்லாம் அவருடைய இலாகா.

*

நிலையத்தில் வேலை நடக்கும் முறையைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நடந்தது அனைத்தும் முறைப்படிதான் நடந்தது.

அகராதியில் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று மேற்கோள் வேண்டும். அவை உட்கார்ந்து யோசித்து எழுதிய வாக்கியங்களாக இருக்கக் கூடாது. அச்சிலோ தட்டச்சிலோ நிஜமாக உலகத்தில் நடமாடிய வாக்கியங்களாக இருக்க வேண்டும். ‘உயிருள்ள வாக்கியம்’ என்பது இயக்குநரின் பிரயோகம். அதனால் ஊழியர்கள் கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். மருந்து டப்பாவுக்குள் மடித்திருக்கும் தாள், சலவை இயந்திரத்தின் குறிப்புப் புத்தகம், நடைபாதையில் கொடுக்கும் துண்டு நோட்டீஸ், தனிக் கடிதங்கள், எதுவும் தள்ளுபடி இல்லை.

காகிதத்துக்கு மூன்று சுற்று. முதல் சுற்றில் கறுப்பு மைப் பேனாவோடு உட்கார்ந்து, ஆள் பெயர் வருகிற இடத்தையெல்லாம் அடிக்க வேண்டும். இதற்கு ஒரு பூர்வ கதை உண்டு. முதல் தொகுதியில் ‘புளுகன்’ என்ற பொருளுக்குக் கொடுத்த மேற்கோளில் ஒரு பெயர் இருந்தது. அதே பெயருள்ள ஒரு சிமெண்ட் வியாபாரி வழக்குப் போட்டார். தாம் புளுகன் இல்லை என்று அவரால் நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் வழக்கு மூன்று வருஷம் இழுத்தது. அன்றிலிருந்து கறுப்பு மை. இரண்டாம் சுற்றில் சிவப்புப் பென்சிலால் தமக்குரிய சொல்லை மட்டும் அடிக்கோடிட வேண்டும். மூன்றாம் சுற்றில் அந்த வாக்கியத்தைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி, எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகக் குறித்துவிட்டு, மிச்சக் காகிதத்தைக் கூடையில் போட வேண்டும்.

சுவரில் பெரிய எழுத்தில் ஒரு விதி தொங்கியது: ‘விஷயத்தைப் படிக்காதே. சொல்லைப் பார்.’ விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தால் நாளைக்குப் பத்து அட்டை தேறாது. வித்துவானுக்கு நாற்பது தேறும். பெயர் வரும் இடத்தில் கை தானாக ஓடும், சொல் வரும் இடத்தில் கண் தானாக நிற்கும். நடுவில் மூளை என்ற ஆசாமிக்கு அவர் பல வருஷங்களுக்கு முன்பே விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பியிருந்தார்.

அவருடைய முப்பத்தொரு பொருளில் முப்பதுக்கு மேற்கோள் நிறைந்துவிட்டது. பதினேழாம் பொருள்தான் வம்பு பண்ணியது. ‘ஒரு நோயை அல்லது குறையை உடையவராயிருத்தல்.’ அதற்கு இரண்டு வாக்கியம் இருந்தன. ஒன்று, குளம்பு நோயோடு இருக்கும் மாடுகளைப் பற்றிய கால்நடைத் துறைத் துண்டறிக்கை. இன்னொன்று, வழுக்கையோடு வாழ்பவர்களுக்கு ஒரு தைலக்காரர் விடுத்த அழைப்பு. மூன்றாவது கிடைக்கவில்லை.

“மாடு ஒண்ணு, மண்டை ஒண்ணு. கௌரவமா ஒரு நோய் கிடைக்கலையா உமக்கு?” என்றார் இயக்குநர். “வெள்ளிக்கிழமை சொல் அச்சுக்குப் போகுது. மூணாவது இல்லேன்னா பதினேழாம் பொருளையே தூக்கிடுவேன். குழாய்க்கு மேல முப்பத்தொண்ணுன்னு ஒட்டியாச்சு. அதுல முப்பதுன்னு திருத்தி எழுதற கை என் கையா இருக்காது, உம்ம கையா இருக்கும்.”

*

அதே நாட்களில் வீட்டில் இன்னொரு காத்திருப்பு ஓடிக்கொண்டிருந்தது. மனைவிக்குக் கழுத்தடியில், காறை எலும்புக்குச் சற்று மேலே, பட்டாணி அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. குனிந்து காஜா எடுக்கும்போது சட்டையின் கழுத்துப்பட்டி அதில் உரசியதால்தான் தெரிந்தது. மருத்துவமனையில் ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். முடிவைக் கடிதமாக அனுப்புவோம், பத்துப் பன்னிரண்டு நாளாகும் என்றார்கள். திரும்பும்போது அவள் அங்கிருந்த மேசையிலிருந்து ஆங்கிலத் துண்டறிக்கைகளை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தாள்.

“இதெல்லாம் உங்களுக்கு ஆகும்ல?”

“ஆகும், ஆகும்” என்று அவர் குழந்தை போல வாங்கிக்கொண்டார். அதில் ‘வித்’ ஒன்பது இடத்தில் இருந்தது. பதினேழாம் பொருளில் ஒன்றுகூட இல்லை.

பதினோராம் நாளும் கடிதம் வரவில்லை. அவள் தினமும் கடைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் கதவடியில் பார்த்தாள். அவரும் முதல் நாலைந்து நாள் “வந்துச்சா?” என்று கேட்டார். அப்புறம் பதினேழாம் பொருள் அவரை முழுசாக விழுங்கிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை. அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். தாடையில் நுரை, மனசில் நாளைக்கு அச்சு. பின்னாலிருந்து அவள் குரல்:

“என்னங்க, ஆஸ்பத்திரி கடுதாசி வந்திருக்கு. பிரிச்சுப் பாத்தேன், எல்லாம் இங்கிலீஷு. உங்க பையில மேலாப்புல வெச்சிருக்கேன். என்ன போட்டிருக்குன்னு பாருங்க.”

“உம்” என்றார்.

கல்யாணமான ஆண்பிள்ளை காதால் கேட்காமலே வாயால் சொல்லக்கூடிய ஒரே பதில் அது. முப்பத்தொரு பொருள் தேடத் தெரிந்தவருக்கு அந்த ‘உம்’முக்கு ஒரு பொருள்கூட இல்லை என்பது தெரியாது.

மேலாப்பில் வைத்த கடிதத்தின் மேல் அவர் சாப்பாட்டு டப்பாவை வைத்தார். பேருந்தில் நெரிசலில் பை கவிழ்ந்து நிமிர்ந்தது. மேசைக்கு வந்ததும் வழக்கம்போல மொத்தத்தையும் கொட்டி, தட்டிச் சீராக்கி, கறுப்பு மைப் பேனாவைத் திறந்தார்.

முதல் சுற்று. கடிதத்தில் ஆள் பெயர் மூன்று இடத்தில் வந்தது. மூன்றும் அடிபட்டன. அது அவள் பத்திரங்களில் மட்டும் இருக்கிற, முதலெழுத்தோடு கூடிய நீளப் பெயர். கல்யாணப் பதிவேட்டுக்குப் பிறகு அவர் வாயால் அதைச் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தவர் வேறு அதில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தார். இதெல்லாம் சமாதானமாகச் சொல்கிறேனே தவிர, பெயர் சரியாக இருந்திருந்தாலும் பேனா நின்றிருக்காது.

இரண்டாம் சுற்று. சிவப்புப் பென்சில் ஓடிக்கொண்டே வந்து ஓரிடத்தில் சட்டென்று நின்றது. வித்துவானின் முதுகுத்தண்டில் ஒரு சிலிர்ப்பு. ஆங்கிலத்தில் இருந்த அந்த வாக்கியத்தை நம் மொழியில் சொன்னால் இப்படி வரும்: ‘இவ்வகைக் கட்டியோடு இருக்கும் திருமதி (கறுப்பு) அவர்கள் சிகிச்சைக்கு நான்கு வாரங்களுக்கு மேல் தாமதிப்பது உயிருக்கு ஆபத்து.’

“கிடைச்சுடுச்சு!” என்று கத்திவிட்டார்.

ஃபார்காரர் நாற்காலியோடு நகர்ந்து வந்தார். “என்னய்யா, புதையல் எடுத்த மாதிரி சிரிக்கிற?”

“பதினேழு! அச்சு அசல் பதினேழு! பாரும், ஓர் எழுத்துக்கூட ஆட்ட முடியாது.”

ஃபார்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார். தம்முடைய சொல்லும் அதில் ஒன்று இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகு, விதியை மீறி, விஷயத்தையும் படித்துவிட்டார். “பாவம்யா. யாரு வீட்டுப் பொம்பளையோ.”

“யாரா இருந்தா என்னய்யா? வாக்கியம் எப்படி நிக்குது பாரும்.”

மூன்றாம் சுற்று. கத்தரித்தார், ஒட்டினார், ‘த.க., மருத்துவமனை’ என்று குறித்தார். தனிக் கடிதத்துக்கு அதுதான் சுருக்கம். மிச்சத்தைக் கூடையில் போட்டார். எங்கே வர வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கிழமை என்பதெல்லாம் அந்த மிச்சத்தில் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே பாட்டு முணுமுணுப்பு. அவள் கையில் ஊசியோடு எழுந்து நின்றாள்.

“கடுதாசியப் பாத்தீங்களா? பயப்பட ஒண்ணும் இல்லையே?”

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல” என்றார். “இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா? பதினேழாம் பொருளுக்கு மூணாவது மேற்கோள் கிடைச்சுடுச்சு! இயக்குநரே எழுந்து வந்து கை குடுத்தாரு!”

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தமக்காகத்தான் ஆனந்தக் கண்ணீர் விடுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். பிறகு அவள் தன் அக்காவுக்குத் தொலைபேசியில் பேசுவது சமையலறையிலிருந்து கேட்டது. “ஒண்ணும் இல்லையாம் அக்கா. அவரு படிச்சுப் பாத்துட்டாரு. ஒண்ணும் இல்லையாம்.” வித்துவானின் காதில் அது விழுந்தது. விஷயத்தை அவர் படிக்கவில்லை.

*

பட்டாணி கோலிக்குண்டாயிற்று. ஒண்ணும் இல்லை என்று படித்தவர் சொன்ன பிறகு ஒரு கட்டியைப் பற்றிப் பேசுவது வீண் என்று அவள் கழுத்துப் பக்கம் துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். கோலிக்குண்டு எலுமிச்சை ஆயிற்று. வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. ஒரு நாளைக்கு எண்பது காஜா எடுத்த கை முப்பதில் நின்றது. கடைக்காரர் “அக்கா, போய் ரெஸ்ட் எடுங்க” என்றார். அந்த மரியாதையான வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று அவளுக்கு அகராதி தேவைப்படவில்லை.

அவர் இந்த நாட்களில் அச்சுப்படி திருத்திக்கொண்டிருந்தார். பதினேழாம் பொருளை மட்டும் நூறு தடவை படித்திருப்பார். மேற்கோள் மனப்பாடம். குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பார்.

பதினாறாம் வாரம் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டபோதுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். கோப்பைப் புரட்டினாள், இருவரையும் பார்த்தாள், மறுபடி கோப்பைப் பார்த்தாள்.

“ஏன் இவ்வளவு நாள் வரல? அவசரம்னு கடுதாசி போட்டிருந்தோமே.”

வித்துவான் எழுந்து நின்றார். மொழிப் பெருமையும் கணவன் பெருமையும் சேர்ந்து அவரை நிமிர்த்தின. “எங்களுக்கு அப்படி எந்தக் கடிதமும் வரல டாக்டர். ஒரு கடிதம் சம்பந்தப்பட்டவர் கையில போய்ச் சேர்ந்துச்சா, படிச்சாங்களான்னு பாக்கற பொறுப்பு அனுப்புனவங்களுக்கு இருக்கு. நான் மேலிடத்துக்கு எழுதுவேன். எழுதறதுதான் என் தொழில்.”

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ரெண்டு நிறுத்தம் கடந்த பிறகு சொன்னாள்:

“வந்துச்சுங்க.”

“என்ன வந்துச்சு?”

“கடுதாசி. உங்க பையில வெச்சேன். நீங்க ஒண்ணும் இல்லேன்னீங்க.”

“நானா? எப்ப? உனக்கு ஞாபகப் பிசகு.”

“அன்னிக்கு உங்களுக்கு ஏதோ பதினேழு கிடைச்சுதுன்னு குதிச்சீங்களே. அன்னிக்கு.”

பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. வித்துவான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். அவள் “எங்க போறீங்க?” என்று கேட்டது காதில் விழுந்தது. உம் என்றுகூடச் சொல்லவில்லை.

*

நிலையத்தில் ஃபார்காரர் மட்டும் டீ குடித்துக்கொண்டிருந்தார். வித்துவான் நேரே அட்டைப் பெட்டிக்குப் போய், பதினேழை இழுத்து, மூன்றாவது அட்டையை உருவினார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பசை தடித்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை. பேனாக்கத்தியால் ஓரத்தைக் கிளப்பி, தோல் உரிப்பது போல மெல்ல உரித்தார். காகிதத்தைப் பின்பக்கம் திருப்பினார். தட்டச்சு எழுத்து பதிந்த காகிதத்தில் பின்பக்கம் மேடு தட்டியிருக்கும். கறுப்பு மை எழுத்தை மறைத்திருந்தது, மேட்டை மறைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தாக. ஓர் எழுத்து குறைந்த அவள் பெயர்.

“என்னய்யா, அட்டைய உரிக்கிற? இயக்குநர் பாத்தா கொன்னுடுவாரு!” என்றார் ஃபார்காரர்.

வித்துவான் அவரிடம் காகிதத்தை நீட்டினார். “வீட்டுல…” என்றார். ஃபார்காரருக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு டீயைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் அவள் சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் அந்தத் துண்டை மேசைமேல் வைத்தார். தலை நிமிரவில்லை.

“இதுதானா?” என்றாள். இரண்டு விரல் அகலக் காகிதம். “பெரிசா இருந்துச்சே. மிச்சம் எங்க?”

“கூடையில போட்டுட்டேன்.”

“என்னதான் போட்டிருக்கு? படிச்சுக் காட்டுங்க.”

படித்தார். முதலில் ஆங்கிலத்தில் படித்தார், பழக்கம். பிறகு தமிழில் சொன்னார். ‘கட்டியோடு’ என்று சொல்வதா, ‘கட்டியுடன்’ என்பதா என்று ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணத்துக்காகத் தம்மைத் தாமே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

“எத்தனை வாரம்?”

“நாலு.”

“இப்ப எத்தனை ஆச்சு?”

“பதினாறு.”

அவள் விரலை விட்டுக் கணக்குப் பார்க்கவில்லை. காகிதத்தை எடுத்து, ஊசிக்கு நூல் கோர்க்கும்போது பிடிப்பது போலக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

“இந்த கறுப்பு என்ன?”

“உன் பேரு.”

“எம்பேர எதுக்குக் கறுப்படிச்சீங்க?”

“விதி” என்றார். நிலைய விதியைத்தான் சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், வேறு ஒன்றைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு. திருத்தலாம் என்று வாயைத் திறந்தவர், திருத்தாமல் விட்டார். வாழ்க்கையில் அவர் திருத்தாமல் விட்ட முதல் பிழை அது.

காகிதத்தை மேசைமேல் திருப்பி வைத்துவிட்டு அவள் சொன்னாள்: “நான் சட்டையப் பாத்தா காஜாவைத்தான் பாப்பேன். உள்ள யாரு இருக்கான்னு பாக்க மாட்டேன். உங்களைச் சொல்லிக் குத்தமில்ல.” பிறகு, “குத்தம் இல்லாமயும் இல்ல” என்றாள்.

*

மறுநாள் அவர் இயக்குநரின் அறைக்குள் போனார். இந்த மேற்கோளை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கறுப்பை நீக்கிப் பெயரைப் போட வேண்டும் என்றார். காரணத்தையும் சொன்னார். இயக்குநர் கல்நெஞ்சர் இல்லை. உச்சுக் கொட்டினார், எழுந்து வந்து தோளைத் தட்டினார், தண்ணீர் கொடுத்தார். பிறகு தம் நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.

“பக்கம் கட்டியாச்சு. ஒரு வரி எடுத்தா எண்ணூறு பக்கம் நகரும். பேரு போட்டா வழக்கு வரும்.”

“யாரு ஐயா வழக்குப் போடறது? என் சம்சாரம்.”

“இன்னிக்கு உங்க சம்சாரம். நாளைக்கு?” என்று கேட்டுவிட்டு, கேள்வியின் லட்சணம் தமக்கே உறைத்ததால் பேனாவை எடுத்து எதையோ எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இன்னொண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் புத்தகத்துலயே உயிருள்ள வாக்கியம் அதுதான். அவங்களுக்கு இது ஒரு நினைவுச் சின்னம்னு நினைச்சுக்குங்க” என்றார்.

அப்போது அவள் உயிரோடுதான் இருந்தாள். ஊசி மருந்து ஏற்றிக்கொண்டு, தலைமுடி உதிர்ந்து, இடது கையால் காஜா எடுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். வித்துவான் விடுப்பில் அவள் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மருத்துவமனையில் கொடுத்த ஒவ்வொரு காகிதத்தையும் தலைப்பு முதல் கடைசி அச்சக முகவரி வரை, மூன்று தடவை, வாய்விட்டுப் படித்தார். “போதும், விடுங்க. அது கேன்டீன் டோக்கன்” என்பாள் அவள்.

டாக்டர்கள் செய்ய முடிந்ததைச் செய்தார்கள். பன்னிரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்பதை அவரிடம் யாரும் சொல்லிக்காட்டவில்லை. அவர்தான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அகராதி வெளியீட்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேடையில் பதினான்கு நாற்காலி, கீழே அதைவிடச் சற்று அதிகம். இயக்குநர் ஒன்றே கால் மணி நேரம் பேசினார். சொல் என்பது விளக்கு என்றார். அகராதி என்பது உயிர் காக்கும் மருந்து என்றார். கடைசியில், நிலையத்தின் மணிமகுடமாகிய ‘வித்’ என்ற சொல்லுக்கு முப்பத்தொரு பொருள் கண்ட அறிஞருக்குப் பொன்னாடை போர்த்துவதாக அறிவித்து, கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஃபார்காரர் மட்டும் கை தட்டவில்லை. விடியற்காலையில் மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்திருந்தார். அவள் போய்விட்டதை இயக்குநரிடமும் சொல்லியிருந்தார்.

பொன்னாடை மடிப்புக் கலையாமல் மேசையில் இருந்தது. இயக்குநர் ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டார்.

“அன்னார் தவிர்க்க முடியாத காரணத்தால் இன்று வர இயலவில்லை” என்றார்.

தவிர்த்திருக்கலாம். நாலு வாரம் இருந்தது.